அண்ணாபாவ் சாட்டே: தலித் எழுத்தாளரா, கட்சிப் பாடகரா?

ஜூலை 16 (இழையைத் தொடங்கிய வாசகர்)

மராத்தி தலித் இலக்கியம் உண்மையில் தொடங்குவது 1978-ல், தயா பவாரின் தன்வரலாறான ‘பலூதா’வோடு. பட்டவன் பட்டதை எழுதியது அதில்தான். அண்ணாபாவ் சாட்டேயை ஏன் அந்த வரிசையில் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்று புரியவில்லை. அவர் கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைப் பாடகர், சாகச நாவல்கள் எழுதியவர். அவருடைய நாயகர்கள் குதிரை ஏறிக் கொள்ளையடிக்கிறார்கள். இதில் தலித் அனுபவம் எங்கே? மராத்தி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 16, இரவு

மராத்தி தெரிந்தவர்கள் என்று கூப்பிட்டதால் வருகிறேன். நான் வளர்ந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழி, மராத்தி ஒரு பாடம். அண்ணாபாவை நான் வகுப்பில் படிக்கவில்லை. ஆகஸ்ட் 1 வந்தால் லேபர் கேம்ப் பக்கம் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போடுவார்கள். பெயர் அப்படித்தான் காதில் விழுந்தது. புத்தகம் கைக்கு வந்தது ரொம்பப் பிறகு.

‘பட்டவன் எழுதினால்தான்’ என்பதை அளவுகோலாக வைத்தாலும் இவரை எப்படி வெளியே தள்ளுவீர்கள்? 1920 ஆகஸ்ட் 1-ல் சாங்லி மாவட்டம் வாட்டேகாவில் மாங் என்ற தீண்டத்தகாத சாதியில் பிறந்தவர். இயற்பெயர் துக்காராம் பாவுராவ் சாட்டே. கயிறு திரிப்பதும் வாத்தியம் வாசிப்பதும் அந்தச் சாதிக்கு ஊர் ஒதுக்கிய வேலைகள். அதோடு வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் தலையில் கட்டியிருந்தான். ஊரில் எது திருடு போனாலும் முதல் அடி மாங்வாடாவில், அதாவது மாங்குகள் தெருவில்தான் விழும். பையன் பள்ளிக்கூடம் போனது ஒன்றரை நாள். பதினோரு வயதில், பஞ்ச காலத்தில், அப்பா அம்மாவோடு ஊரிலிருந்து பம்பாய்க்கு நடந்தே வந்தார். மும்பைக்காரர்கள் இருநூற்றுச் சொச்சம் மைல் என்பார்கள். வழியில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, கிடைத்ததைத் தின்றுகொண்டு.

பம்பாயில் சுமை தூக்கினார், நிலக்கரி பொறுக்கினார், ஹோட்டலில் வேலை பார்த்தார், பணக்காரர் வீட்டு நாய்களைப் பார்த்துக்கொண்டார், ஆலையில் கூலியாக நின்றார். இதற்கு மேல் என்ன படவேண்டும்?

ஜூலை 17

‘ஒன்றரை நாள் பள்ளிக்கூடம்’ என்பது மேடைக்காகச் செய்த கதை மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மேடையில் அது நன்றாக எடுபடும்தான். மகாராஷ்டிரத்தில் எந்தப் பேச்சாளரும் அதை விடுவதில்லை. ஒன்றரை நாள் படித்தவர் முப்பத்தைந்து நாவல் எழுதினார் என்றால் கைதட்டு நிச்சயம்.

எனக்கு அந்த ஒன்றரை நாளைவிட அதற்குப் பிறகு நடந்ததில்தான் ஆர்வம். கடைப் பலகைகளையும் சினிமாச் சுவரொட்டிகளையும் பார்த்து எழுத்துக் கூட்டினார் என்கிறார்கள். தாராவியில் வளர்ந்தவனுக்கு இது விசித்திரமே இல்லை. எங்கள் தெருவில் பல பெரியவர்களுக்கு இந்தி எழுத்து வந்ததே பேருந்துப் பலகையிலிருந்தும் படக்கொட்டகையிலிருந்தும்தான். ஆனால் அவர்கள் ஊர்ப்பெயரோடு நின்றார்கள். இவர் லேபர் கேம்ப்புக்குள் போனார். மாட்டுங்கா லேபர் கேம்ப் என்பது தாராவியை ஒட்டிய குடியிருப்பு, தலித் கூலிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் நிறைந்தது. அங்கே கம்யூனிஸ்ட்காரர்கள் படிப்பு வட்டம் நடத்தினார்கள். அவர் முதலில் எழுதிய பாட்டு அந்தக் கேம்ப்பின் கொசுவைப் பற்றி.

அந்தக் கொசுக்களோடு எனக்கும் பழக்கம் உண்டு. பாட்டு எழுதும் அளவுக்கு அவை தகுதியானவைதான்.

ஜூலை 18

இன்று அவர் நினைவு நாள். 1969-ல் போனார். 49 முடிய இரண்டு வாரம் இருந்தது.

ஜூலை 20

சிவப்பா நீலமா என்ற சண்டை எதிர்பார்த்தபடியே வந்துவிட்டது. நாக்பூரில் வேலை பார்க்கும் நண்பர், ‘அவர் கடைசிவரை கம்யூனிஸ்ட், அம்பேத்கரியவாதி இல்லை’ என்கிறார். சென்னை நண்பர், ‘கட்சி அவரைப் பயன்படுத்திவிட்டுக் கைவிட்டது’ என்கிறார். இரண்டு பேரும் மகாராஷ்டிரத்தில் தினமும் நடக்கும் பேச்சைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறீர்கள்.

சில விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1944-ல் அமர் ஷேக், கவாண்கர் இருவரோடும் சேர்ந்து லால் பாவ்டா கலாபதக் என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்குகிறார். ஸ்டாலின்கிராடு சண்டையைப் பற்றிப் போவாடா பாடுகிறார். போவாடா வீரர்களின் புகழைக் கதையாகப் பாடுவது. சிவாஜிக்குப் பாடிய வடிவத்தில் செஞ்சேனைக்குப் பாடினார். இது சிவப்பு.

1958-ல் பம்பாயில் முதல் தலித் இலக்கிய மாநாடு. தொடங்கி வைத்தவர் இவர். பூமி ஆதிசேஷன் தலையில் நிற்கவில்லை, தலித்துகளும் தொழிலாளர்களும் கையில் தாங்கித்தான் நிற்கிறது என்று அங்கே பேசினார். 1959-ல் வந்த ‘ஃபகிரா’ நாவலை அம்பேத்கரின் போராடும் எழுதுகோலுக்குச் சமர்ப்பித்தார். உலகத்தை மாற்ற ஓங்கி ஒரு அடி கொடு, பீம்ராவ் எனக்குச் சொல்லிவிட்டுப் போனது அதுதான் என்று வரும் பாட்டும் அவருடையதே. இது நீலம்.

‘தலித்துகளும் தொழிலாளர்களும்’ என்று ஒரே மூச்சில் சொன்னவரிடம் நாம் போய், இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். எல்லாம் அவர் போன பிறகு.

இன்னொன்றும் உண்டு, வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. 1956-ல் அம்பேத்கரோடு பௌத்தத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் மகார்கள். மாங்குகளில் பெரும்பகுதி போகவில்லை. அதனால் தலித் இலக்கியம் என்று பின்னாளில் பேசப்பட்டதில் மகார் குரலே ஓங்கியது. மாங் மக்களுக்கு அண்ணாபாவ் ‘எங்கள் ஆள்’ ஆனதில் இந்தக் கணக்கும் இருக்கிறது. இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் முறைப்பார்கள். பரவாயில்லை.

ஜூலை 21

நாக்பூர் நண்பர், 1947 ஆகஸ்ட் 16 அன்று கொட்டும் மழையில், ‘இந்தச் சுதந்திரம் பொய்’ என்று அண்ணாபாவ் பல்லாயிரம் பேரைத் திரட்டி ஊர்வலம் போனார் என்று எழுதியிருக்கிறார். இணையத்தில் எங்கே திரும்பினாலும் இது இருக்கிறது. ஆகஸ்ட் 1 வந்தால் வாட்ஸப்பிலும் வரும்.

எனக்கு இதில் ஒரு இடறல். 1947 ஆகஸ்டில் கட்சி சுதந்திரத்தை வரவேற்றது. அந்த முழக்கம் கட்சியின் நிலைப்பாடானது 1948 பிப்ரவரியில், கல்கத்தா மாநாட்டில் ரணதிவே செயலாளர் ஆன கட்டத்தில். கட்சிக் கலைஞர் ஒருவர் ஆறு மாதம் முன்னாலேயே கட்சிக்கு எதிராக அத்தனை பேரைத் திரட்டினார் என்றால் அது சாதாரண விஷயமா? அன்றைய பத்திரிகைச் செய்தியை யாராவது காட்டினால் ஒத்துக்கொள்வேன். அதுவரை இதை வைத்து அவர் அரசியலை நிறுவாதீர்கள். நிறுவுவதற்கு வேறு நிறைய இருக்கிறது.

ஜூலை 23

‘மேடைப் பாடகர்’ என்று இழையைத் தொடங்கியவர் இறக்கிப் பேசியதற்கு இப்போதுதான் வருகிறேன். தமாஷா என்றால் என்ன என்று தெரியாமல் இதைப் பேச முடியாது.

தமாஷா மகாராஷ்டிரத்து நாட்டுப்புறக் கூத்து. ஆடியவர்கள் பெரும்பாலும் மாங், மகார், கொல்ஹாட்டி சாதிக்காரர்கள். பார்த்தவர்கள் எல்லாச் சாதியும். வெள்ளை வேட்டிக்காரர்கள் பார்த்துவிட்டு வெளியே வந்து ஆபாசம் என்பார்கள். ஆட்டம் முதலில் கண் என்ற கணபதி வணக்கத்தில் தொடங்கும். அப்புறம் கௌளண், அதாவது கிருஷ்ணன் வழிமறித்துக் கோபிகளைக் கிண்டல் செய்யும் பகுதி. அப்புறம் லாவணி. கடைசியில் வக் என்ற நாடகப் பகுதி.

அண்ணாபாவ் கணபதியை எடுத்துவிட்டார். முதல் வணக்கம் தாய் மண்ணுக்கு, அடுத்தது சிவாஜிக்கு, அப்புறம் கதை. கோபிகளையும் கிருஷ்ணனையும் அனுப்பிவிட்டார். வக்கை நீட்டி அதில் வட்டிக்காரனையும் ஆலை முதலாளியையும் தேசபக்த வேடம் போட்ட கள்ளச்சந்தைக்காரனையும் கொண்டுவந்து நிறுத்தினார். பம்பாய் அரசு தமாஷாவுக்குத் தடை போட்டபோது, இது தமாஷா இல்லை, லோகநாட்டியம் (மக்கள் நாடகம்) என்று பெயரை மாற்றிக்கொண்டு மேடை ஏறினார்கள். இன்று மகாராஷ்டிரப் பல்கலைக்கழகங்களில் மரியாதையாகச் சொல்லும் லோகநாட்டியம் என்ற பெயர் பரவியதில் போலீஸ் தொல்லைக்கும் பங்கு உண்டு.

சாதி ஒதுக்கிக் கொடுத்த கலை, சாதிக்காரர்களே ஆடுவது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வடிவத்துக்குப் போயிருக்கலாம். அவர் அதையே கழுவித் துடைத்து ஆட்சியைக் கேள்வி கேட்கும் மேடையாக மாற்றினார். தலித் அனுபவம் எங்கே என்று கேட்டீர்களே, இங்கேயும் இருக்கிறது. அச்சில் மட்டும் தேடினால் கிடைக்காது.

மும்பையைப் பற்றி அவர் எழுதிய லாவணியில் மலபார் ஹில் ஒரு பக்கம், குபேரர்கள் குடியிருக்கும் இந்திரபுரியாக. இன்னொரு பக்கம் பரேல், இராப்பகலாக உழைத்துக் கிடைத்ததைத் தின்று வேர்வை சிந்துகிறவர்களின் இடமாக. லாவணி என்றால் காதலியின் இடுப்பையும் கண்ணையும் வர்ணிக்கிற வடிவம். அதே மெட்டில் நகரத்தை வர்ணிக்கிறார். மராத்தி பேசும் பகுதிகளை ஒரே மாநிலமாக்கக் கேட்ட ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்தின்போது எழுதிய ‘மாஜி மைனா’வும் அப்படித்தான். பம்பாய்க்குப் பிழைக்க வந்தவன் ஊரில் விட்டுவந்த மனைவியை நினைத்து உருகுகிறான். உருகி உருகி வருகையில் அந்த மைனா, எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட பெல்காமாகவும் கார்வாராகவும் நிப்பாணியாகவும் ஆகிவிடுகிறாள். 1960 மே 1-ல் மகாராஷ்டிரம் பிறந்தது. மைனா இன்னும் கர்நாடகத்தில்தான் இருக்கிறாள்.

ஜூலை 23, கொஞ்சம் கழித்து

‘சிவாஜி வணக்கம் எதற்கு, அப்போது இந்துத்துவம்தானே’ என்று ஒருவர். ஐயா, அன்றைய சிவாஜி வேறு. உழவர்களின் ராஜா என்று இடதுசாரிகளும் பிராமண எதிர்ப்பாளர்களும் கொண்டாடிய சிவாஜி. ஜோதிராவ் புலேயே 1869-ல் சிவாஜிக்குப் போவாடா எழுதியவர். இதற்குத் தனி இழை திறவுங்கள், இங்கே வேண்டாம்.

ஜூலை 26

கதைக்கு வருவோம். ‘ஸ்மஷானாதில் சோனா’, மயானத்துத் தங்கம். அர்ஜுன் டாங்ளே தொகுத்து 1992-ல் வந்த ஆங்கிலத் தொகுப்பில் இருக்கிறது, மராத்தி வேண்டாதவர்கள் அங்கே படிக்கலாம்.

பீமா என்பவன் வாரணா நதிக்கரைக் கிராமத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவன். புறநகரில் கல் குவாரி வேலை. ஆள் மலை மாதிரி. குவாரியை மூடிவிடுகிறார்கள். வீட்டில் மனைவி, சின்ன மகள். ஒரு நாள் ஆற்றங்கரைச் சாம்பலில் ஒரு துண்டுத் தங்கம் கண்ணில் படுகிறது. செத்தவர்களோடு நகையும் எரிகிறது என்று அப்போதுதான் உறைக்கிறது. சாம்பலைச் சலிக்க ஆரம்பிக்கிறான். அப்புறம் புதைகுழியையும் தோண்டுகிறான். மனைவி பயப்படுகிறாள். அவனோ, உயிரோடு இருக்கிறவன் கொடுக்காததைச் செத்தவன் கொடுக்கிறான் என்ற கணக்கில் நிம்மதியாக இருக்கிறான்.

ஒரு பணக்காரப் பிணத்தைப் புதைத்த செய்தி வருகிறது. இரவில் கடப்பாரையோடு போகிறான். அங்கே அவனுக்கு முன்னால் நரிகள் வந்து தோண்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு பிணத்துக்காக மனிதனும் நரிக்கூட்டமும் சண்டை போடும் அந்தப் பக்கங்கள் இருக்கின்றனவே, நான் படித்த மராத்தியில் அதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றும் இல்லை. அவை கடிக்கின்றன, இவன் அடிக்கிறான், அவை சுற்றி நின்று காத்திருக்கின்றன, மறுபடி பாய்கின்றன. ஜெயித்துப் பிணத்தை வெளியே இழுத்து மோதிரத்தை எடுக்கிறான். வாயில் ஏதாவது இருக்கும் என்று கடப்பாரையைப் பற்களுக்கு நடுவே செருகி நெம்பி விரலை உள்ளே விடுகிறான். கடப்பாரை நழுவுகிறது. தாடை மூடிக்கொள்கிறது.

விரல் பிணத்தின் வாய்க்குள். நரிகள் மறுபடி வருகின்றன. தூரத்தில் ஆள் சத்தம். எப்படியோ பிய்த்துக்கொண்டு வீடு வந்து சேர்கிறான், காய்ச்சல், மருத்துவர் இரண்டு விரலை எடுத்துவிடுகிறார். அதே நாளில் சேதி வருகிறது, குவாரி மறுபடி திறந்துவிட்டார்களாம். பீமா குழந்தை மாதிரி அழுகிறான்.

இதில் சாதியைப் பற்றிப் பேச்சு அநேகமாக இல்லை. கட்சி முழக்கமும் இல்லை. குவாரியை யார் மூடினார்கள், ஏன் மூடினார்கள் என்று ஒரு வாக்கியம்கூட நீட்டவில்லை. மலையை உடைத்த கைக்குப் பிழைக்க ஒரு வழி அடைந்தது, இன்னொன்று திறந்தது, முதல் வழி மறுபடி திறந்தபோது கை போய்விட்டது. அவ்வளவுதான். ‘சாகசக் கதை எழுதுபவர்’ என்று யாராவது சொன்னால் இதைக் கையில் கொடுங்கள். இதிலும் சாகசம் உண்டு. சாகசத்துக்குக் கிடைத்த கூலி என்ன என்பதையும் பார்க்கட்டும்.

ஜூலை 29

இழையைத் தொடங்கியவர் ‘ஃபகிரா’வுக்கே வாருங்கள் என்று இழுக்கிறார். சரி.

ஃபகிரா நிஜ மனிதர். வாட்டேகாவ் மாங், அண்ணாபாவ் வீட்டுக்கு உறவு. பஞ்சத்தில் வெள்ளைக்காரன் கஜானாவில் கைவைத்தவர். அண்ணாபாவ் பிறந்த சமயம் அவருடைய அம்மா கையில் இரண்டு கை நிறைய வெள்ளி ரூபாய் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்தக் குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வந்த கதை இது. அந்தக் கடனைத்தான் நாவலாகத் திருப்பிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாவல் ஃபகிராவின் அப்பா ராணோஜியிடம் தொடங்குகிறது. ஜோகிணி என்பது திருவிழாவின் புனிதப் பொருள்; பக்கத்து ஊர் ஜோகிணியை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிவிட்டால் திருவிழா அவன் ஊருக்கு வந்துவிடும். தாண்டுவதற்குள் பிடித்தால் தலையை எடுத்துவிடலாம். இது வழக்கம். ராணோஜி எடுத்து வருகிறான், கொல்லப்படுகிறான். தீண்டத்தகாதவன் ஒருவன் தன் ஊர் மானத்துக்காகச் சாகிறான், ஊரே அவனைக் கொண்டாடுகிறது. அப்புறம் பஞ்சம், கொள்ளைநோய், மாங்குகளை ஹாஜர் கொடுக்கச் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டம். ஃபகிரா தானியக் கிடங்கைக் கொள்ளையடிக்கிறான், கஜானாவைக் கொள்ளையடிக்கிறான், பங்கு போடுகிறான். கடைசியில் சுற்றுப்பட்டு மாங்குகளை வெள்ளைக்காரன் வளைத்துப் பிடித்து வைத்துக்கொள்ள, அவர்களுக்காகச் சரணடைகிறான்.

முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஊர்த் தெருவுக்கும் ஊருக்கும் நடுவே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், லீவுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு, நம்மாள் குதிரையில் போகிறான் என்பதே போதுமாக இருந்தது. பரிதாபத்துக்குரியவர்களாக மட்டுமே எழுதப்பட்டவர்களுக்கு நிமிர்ந்த கழுத்து ஒன்று கொடுத்தாரே, அது சின்ன விஷயமா?

ஜூலை 30

நேற்று எழுதியதையே மறுபடி யோசித்தேன். நிமிர்ந்த கழுத்து சரி. குனிந்த கழுத்து எங்கே போயிற்று?

‘ஃபகிரா’வில் நல்ல பாட்டீல் (ஊர்த் தலைவர்) இருக்கிறார். நல்ல குல்கர்ணியும் (ஊர்க் கணக்கர்) இருக்கிறார், பட்டினியில் சாகாதீர்கள், என்ன செய்தாவது பிழைத்திருங்கள் என்று மாங்குகளிடம் சொல்பவர். கெட்டவர்கள் வெள்ளைக்காரனும் அவனோடு சேர்ந்தவர்களும். ஊருக்குள்ளேயே தினமும் நடந்த அவமானம், எச்சில் சோறு, தண்ணீருக்குத் தள்ளி நிற்பது, இதெல்லாம் நாவலின் ஓட்டத்தில் பின்னால் போய்விடுகிறது. தயா பவார் அதைத்தான் எடுத்தார். வெட்கத்தை. தன் மக்களே, ஏன் இதையெல்லாம் வெளியே சொன்னாய் என்று கோபப்படும் அளவுக்கு எடுத்தார். இழையைத் தொடங்கியவருக்கு இந்த இடத்தில் ஒரு பிடி இருக்கிறது, விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் பாருங்கள், ‘ஃபகிரா’ கிராமம், பழைய காலம். பீமா பம்பாய், நிகழ்காலம். கிராமத்தை எழுதினால் வீரன் வருகிறான், பம்பாயை எழுதினால் விரல் போகிறது. இரண்டும் அதே கையால் எழுதியது. வாரணா பள்ளத்தாக்கை விட்டு வந்தவருக்கு அது தூரத்தில் போகப்போக ஒளி கூடியதா, அல்லது கட்சி மேடைக்கு வீரர்கள் தேவைப்பட்டார்களா? எனக்கு முதலாவதுதான் என்று படுகிறது. தாராவியில் எங்கள் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் ஊரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் சிலம்பக்காரர்கள்தான். அடி வாங்கியவர் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

ஜூலை 30, இரவு

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ‘ஃபகிரா’வுக்கு முன்னுரை எழுதியவர் வி.ஸ. காண்டேகர். நம் காண்டேகர்தான்! கா.ஸ்ரீ.ஸ்ரீ. மொழிபெயர்ப்பில் நம் தாத்தா பாட்டிகள் கரைந்து கரைந்து படித்தவர். காண்டேகரை மதுரைக்காரர் என்று நினைத்தவர்கள்கூட இருந்திருப்பார்கள். அவர் பெயர் தெரிந்த வீடுகளில், அவர் யாரைத் தட்டிக்கொடுத்து முன்னுரை எழுதினார் என்பது தெரியாமல் போனது. ஏன் என்று விரித்து எழுத ஆரம்பித்தால் இந்த இழை ஆகஸ்டைத் தாண்டும். ‘ஃபகிரா’வுக்கு 1961-ல் மாநில அரசு பரிசும் கிடைத்தது.

ஆகஸ்ட் 1

பிறந்த நாள். லேபர் கேம்ப் பக்கம் போனேன். பாட்டு இப்போது டிஜே-யில். ‘மாஜி மைனா’வுக்குக் கீழே ஒரு தும்தும் தாளம் போட்டிருக்கிறார்கள். பதினாறு வயதுப் பையன்கள் ஆடுகிறார்கள், நெற்றியில் மஞ்சள். கெட்டுப்போயிற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணபதியையே மேடையிலிருந்து இறக்கியவர், ஒரு தாளத்துக்கா கோபப்படப் போகிறார்.

வழியெல்லாம் பேனர்கள். எல்லாக் கட்சிகளும் வைத்திருக்கின்றன. எல்லாம் என்றால் எல்லாம். 2002-ல் அஞ்சல் தலை போட்டார்கள். 2022 செப்டம்பரில் மாஸ்கோவில் சிலை திறந்தார்கள், திறந்து வைத்தவர் பாஜகவைச் சேர்ந்த அன்றைய துணை முதல்வர். ஸ்டாலின்கிராடு போவாடா பாடியவருக்கு மாஸ்கோவில் சிலை என்பது பொருத்தம்தான், திறந்த கைதான் கொஞ்சம் வேடிக்கை. 1961-ல் அவர் ருஷ்யா போனபோது செலவுக்கு அங்கே இங்கே பணம் திரட்ட வேண்டியிருந்தது. போய்வந்து பயணக் குறிப்பும் எழுதினார்.

அவர் பெயரில் மாநில அரசின் மேம்பாட்டுக் கழகமும் உண்டு, மாங் உள்ளிட்ட சாதிகளுக்குக் கடன் கொடுக்க. அதில் நிதி மோசடி என்று 2015-ல் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைக் கைது செய்தார்கள். ஃபகிரா கஜானாவைக் கொள்ளையடித்துப் பங்கு போட்டான். இங்கே பங்கு போடும் பகுதியை மட்டும் விட்டுவிட்டார்கள் போல.

ஆகஸ்ட் 3

லேபர் கேம்ப் என்றதும் எழுத்தாளர் பாபுராவ் பாகுலைப் பற்றிக் கேட்கிறார்கள். அவரும் அங்கே வளர்ந்தவர்தான். நாசிக் பக்கம் 1930-ல் பிறந்து, சின்ன வயதில் அந்தக் கேம்ப்புக்கு உறவுக்காரர் வீட்டில் தங்க வந்தவர். அண்ணாபாவ் பாட்டுக் கட்டிய அதே சந்துகள்.

ஆனால் எழுத்து நேர் எதிர். 1963-ல் வந்த ‘ஜேவ்ஹா மீ ஜாத் சோரலி ஹோதி’ (நான் சாதியை மறைத்தபோது) தொகுப்பின் தலைப்புக் கதையை மட்டும் பாருங்கள். சூரத்தில் ரயில்வே வேலைக்குப் போகிறவன் வாடகைக்கு அறை கிடைக்கவேண்டுமே என்று சாதியை மறைக்கிறான். அதே இடத்தில் காசிநாத் சக்பால் என்ற இன்னொரு மகார் மறைக்காமல், கத்தியோடு, திமிறிக்கொண்டு நிற்கிறான். மறைத்தவன் பிடிபட்டு அடிபடுகிறான், காசிநாத் வந்து காப்பாற்றுகிறான். அடித்தது அவர்கள் இல்லை, மனு என்கிறான் அடிபட்டவன். பாகுலும் சூரத்தில் ரயில்வேயில் இருந்தவர்.

என் வாசிப்பில் காசிநாத் அண்ணாபாவ் உலகத்து ஆள். அவனை ஓரத்தில் நிறுத்திவிட்டு, பயந்தவனை நடுவில் உட்கார வைத்ததுதான் பாகுல் செய்தது. ‘பலூதா’வுக்குப் பதினைந்து வருடம் முன்னால் இது நடந்துவிட்டது, தன்வரலாறாக இல்லை, கதையாகவே. அதனால் 1978-ல் தொடக்கம் என்ற கணக்கு எப்படிப் பார்த்தாலும் நிற்காது.

தமிழில் நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. மராத்தி தலித் எழுத்து என்றால் தன்வரலாறு, தன்வரலாறு என்றால் வலி, வலி என்றால் உண்மை. கற்பனை செய்ய அவர்களுக்கு உரிமை இல்லாத மாதிரி. மற்றவன் நரிச் சண்டை எழுதினால் கலை, தலித் எழுதினால், ‘இது நிஜமா நடந்ததா?’

ஆகஸ்ட் 4

பெண்களைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ‘வைஜயந்தா’ தமாஷாக்காரியைப் பற்றிய நாவல், 1961-ல் படமாகவும் வந்தது. அவருடைய பெண்கள் கற்பைக் காப்பாற்றப் போராடியே ஓய்ந்துபோகிறார்கள் என்பது என் வருத்தம். தமாஷாப் பெண்கள் என்றாலே ஊர் என்ன நினைத்தது என்பதற்கு அவர் கொடுத்த பதில் அது என்று புரிகிறது. புரிந்தாலும் இன்று படிக்கக் கொஞ்சம் சலிப்புத்தான். பாகுலின் ‘ஆயி’ கதையில் விதவைத் தாய் ஒருத்தி தன் பசியையும் தன் ஆசையையும் சேர்த்தே சுமக்கிறாள், மகன் பார்த்துவிட்டு ஓடிப்போகிறான். அந்தத் துணிச்சல் அண்ணாபாவிடம் இல்லை.

ஆகஸ்ட் 6

‘இத்தனை புத்தகம், இத்தனை படம், பிறகு ஏன் ஏழ்மை?’ இதுதான் எல்லோரும் கேட்பது.

அவர் இருந்தது காட்கோபர் சிராக் நகர் குடிசையில். கட்சியில் சேர்ந்து வேலை செய்த ஜெயவந்தா பாயோடு அங்கேதான் வாழ்ந்தார். நாவல்களில் பெரும்பகுதி அந்தக் குடிசையில் எழுதியது. பதிப்பாளர்கள் கையெழுத்துப் படியைச் சொற்பக் காசு கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். அடுப்பு எரியவேண்டும் என்பதற்காக வேகமாக எழுதினார், அது சில நாவல்களில் அப்படியே தெரிகிறது. பாதி நாவலில் பெயரை மாற்றினால் அடுத்த நாவலுக்குள் போய்விடலாம். இதை மராத்தி விமர்சகர்கள் குறையாகச் சொல்வார்கள். அரிசி வாங்க எழுதியதை அலமாரியில் வைக்க எழுதியதோடு ஒப்பிடுகிறோம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

கடைசிக் காலத்தில் குடும்பம் சிதறியது, குடி சேர்ந்தது. கோரேகாவ் சித்தார்த்த நகரில் அரசு ஒரு வீடு கொடுத்தது. கொடுத்துக் கொஞ்ச நாளில் அங்கேயே இறந்துபோனார். கட்சி கைவிட்டதா என்று சென்னை நண்பர் மறுபடி கேட்பார். கட்சியும் அப்போது உடைந்துகொண்டிருந்தது, 1964-ல் இரண்டாகவே போனது. யாரை யார் பார்த்துக்கொள்வது. இலக்கியக்காரர்கள் மட்டும் கைவிடவில்லை, ஏனென்றால் அவர்கள் பிடித்ததே இல்லை.

ஆகஸ்ட் 9

இழையைத் தொடங்கியவர் ஆங்கிலத் தொகுப்பைத் தேடி எடுத்து பீமா கதையைப் படித்துவிட்டார். ‘நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது பேய்க்கதை மாதிரி, தலித் கதை என்று தோன்றவில்லை’ என்கிறார்.

பேய்க்கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமே இல்லை. சிராக் நகர்ப் பேய்கள் என்று ஒரு தொகுப்புக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்து ‘பர்பாத்யா கஞ்சாரி’ படியுங்கள், அதுவும் பம்பாய்தான். அப்புறம் பாகுல், 2018-ல் அவர் தொகுப்பு ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. ‘ஃபகிரா’வைக் கடைசியில் எடுங்கள். ராணோஜி செத்துப்போவதை நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன் என்று திட்டாதீர்கள், மகாராஷ்டிரத்தில் புத்தகத்தைத் தொடாதவர்களுக்கும் அது தெரியும்.